தெரிந்தே போட்ட ஊசி

ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து, அப்போதுதான் பிறந்து விழுந்த கன்றின் மூக்குத் துளைக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். தும்மினால் மூச்சு சீராக வரும். மூச்சு வந்துவிட்டால் மேற்கொண்டு ஏதாவது செய்யலாம். முழங்காலில் சாணம், கையெல்லாம் பிசுபிசுப்பு, முதுகில் சித்திரை வெயில். "தும்முடி செல்லம், தும்மு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் முதன்முதலாக மண்டையில் இறங்கியது. இந்தக் கன்று மாதம் நிறையாமல் இப்படி வந்து கிடப்பதற்குக் காரணம் நேற்று முன்தினம் நான் போட்ட ஊசி. போடும்போதே இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டவள் இப்போது ஏன் துரும்பும் கையுமாக மண்டியிட்டுக் கிடக்கிறேன்?

பணி அனுபவங்கள் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். சாய்வு நாற்காலி, வெள்ளை முடி, நிதானம் எல்லாம் இருக்கும். என்னிடம் அவை எதுவும் இல்லை. கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. இன்னமும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிறேன். ஆனால் உங்களில் சிலர் இந்த மாதம் முதல் நியமனம் பெற்று உத்திரமேரூர்ப் பக்கம் வருகிறீர்கள். முடி நரைக்கும் வரை காத்திருந்தால் உங்களுக்கு என்ன பயன்? மருந்தின் அளவு, ஊசி போடும் இடம் எல்லாம் நீங்கள் என்னைவிடப் புதிதாகப் படித்துவிட்டு வருகிறீர்கள். படிக்காத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெருநகர் என்ற கிராமத்தில் அஞ்சலை என்று ஒரு பெண். என்னைவிட ஒரு வயது சின்னவள். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை எது கிடைத்தாலும் போவாள். சொந்த நிலம் கிடையாது. வாய் மட்டும் ஏக்கர் கணக்கில் உண்டு. நான் முதன்முதலாக அவள் தெருவுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, "இன்னா, மாட்டு டாக்டருன்னாங்க, ஸ்கூல் பொண்ண அனுப்பிகீறாங்க?" என்று தெருவே சிரிக்கக் கேட்டவள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது.

அவளிடம் ஒரு பங்கு மாடு இருந்தது. இந்த ஏற்பாடு உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. ஆனால் நீங்கள் தொடப்போகும் மாடுகளில் நிறைய இந்த வகைதான். வசதி உள்ளவர் ஒரு கிடாரிக் கன்றை வாங்கி, நிலமில்லாத ஒருவரிடம் வளர்க்க விடுவார். வளர்ப்பவர் புல் அறுத்துப் போட்டு, குளிப்பாட்டி, சினைக்கு விட்டு, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். அது ஈனும் முதல் கன்று வளர்த்தவருக்கு. பிறகு மாடு உரியவரிடம் திரும்பிப் போய்விடும். அதாவது ஒரே உடம்புக்குள் இரண்டு பேருடைய சொத்து நின்றுகொண்டிருக்கும். வெளியே இருப்பது ஒருவருக்கு, வயிற்றில் இருப்பது இன்னொருவருக்கு.

அஞ்சலையின் மாட்டுக்குப் பெயர் பேபி. உரியவர் தேவராஜன், அதே ஊரில் வீட்டில் தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். மென்மையான மனிதர். பாவு நூலைத் தொடுவது போலத்தான் மாட்டையும் தொடுவார். பேபி கிடாரியாக இருந்த நாள் முதல் அஞ்சலை அதை வளர்த்தது அந்த ஒரு கன்றுக்காக. அந்தக் கன்று வந்துவிட்டால் அதற்கப்புறம் அவள் யாருடைய மாட்டையும் வளர்க்க வேண்டியதில்லை. அவளுடையதே ஒன்று இருக்கும். இதை அவள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கன்றுக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள், என்னிடம் மட்டும் சொல்ல மறுத்தாள். "நீ கண்ணு வச்சிடுவ" என்பாள்.

எட்டு மாதச் சினையில் பேபியைக் கதண்டு கொட்டிவிட்டது. பனைமரத்தில் கூடு கட்டும் அந்தப் பெரிய விஷ வண்டுகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும்; கலைந்தால் கூட்டமாக வந்து விழும். நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டின் தொண்டை வீங்கி, நாக்கு வெளியே வந்து, மூச்சு விசில் போலக் கேட்டது. தேவராஜனும் ஓடி வந்திருந்தார். முதலில் போட வேண்டிய மருந்துகளைப் போட்டேன். வீக்கம் சற்று வடிந்து, மறுபடி ஏறியது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் விடும் கருவி என்னிடம் இல்லை. வரவழைக்க நேரமும் இல்லை. மிச்சமிருந்தது ஸ்டீராய்டு. அது வீக்கத்தை வடிக்கும். முற்றிய சினையில் அதுவே கன்றையும் வெளியே தள்ளிவிடும்.

மறைக்காமல் இருவரிடமும் சொன்னேன். "இந்த ஊசி போட்டா மாடு பொழச்சிக்கும். கன்னு தங்காது. ரெண்டு நாள்ல வீசிடும்."

"போடுங்க மேடம், போடுங்க. மாடு போவுது பாருங்க" என்றார் தேவராஜன்.

"கொஞ்சம் பொறு டாக்டரம்மா" என்றாள் அஞ்சலை. "வீக்கம் எறங்குறாப்பல கீது."

"எறங்கல அஞ்சலை."

"எறங்குதுன்றேன். நீ இந்தாண்ட வந்து நின்னு பாரு."

அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். இறங்கவில்லை. பொறுத்தால் தானாக வடியவும் வாய்ப்பு உண்டு. அப்படி வடிந்தால் இரண்டும் பிழைக்கும். வடியாவிட்டால் இரண்டும் போகும். ஊசி போட்டால் ஒன்று நிச்சயமாகத் தங்கும்.

நான் மருந்தை ஏற்றுவதைப் பார்த்து அஞ்சலை கேட்டாள். "நீ கன்னுக்கு ஊசி போடறியா, மாட்டுக்கு ஊசி போடறியா?"

"மாட்டுக்குத்தான். தொண்டை வீக்கத்துக்கு."

"அப்ப கன்னு இன்னாத்துக்குச் சாவணும்?"

"மருந்து ரெண்டு வேலை செய்யும். நான் ஒரு வேலைக்காகத்தான் போடறேன்."

"நல்லா கீதே உன் ஞாயம்! நீ ஒரு வேலைக்குப் போடுவ, அது ரெண்டு வேல பாக்கும், நீ ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுவியா?"

பேபியின் நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தது. போட்டேன். அந்த முடிவை இன்றைக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். அதே நாக்கைப் பார்த்தால் நாளைக்கும் போடுவேன். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கி, மாடு தலையை உயர்த்தியது. தேவராஜன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அஞ்சலை மாட்டின் விலாவில் கையை வைத்தபடி நின்றாள். "இன்னும் ஒதைக்குது" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மூன்றாம் நாள் காலையில் அவளிடமிருந்து போன். "கன்னு போட்டுச்சி. கிடாரி. மூச்சு கீது. வரியா, இல்ல உன் வேல முடிஞ்சிடுச்சா?"

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போய் விழுந்து துரும்பை எடுத்தேன். அது ஒருமுறை தும்மியது. அந்தத் தும்மலுக்கு நானும் அஞ்சலையும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சாக்கில் சுற்றினோம், வெந்நீர் பாட்டில் வைத்தோம், அதன் வாயைத் திறந்து துளித்துளியாகச் சீம்பால் விட்டோம். மூக்கில் வாய் வைத்து ஊதினேன். மதியம் தாண்டி அது அஞ்சலையின் மடியில் முகம் வைத்தபடியே அடங்கிவிட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. அஞ்சலைதான் எழுந்தாள். உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். "கை கழுவிக்கினு வா. காலீலயே நாஷ்டா துன்னிருக்க மாட்ட."

"வேணாம் அஞ்சலை."

"துன்னு. கொல்லணும்னு ஊசி போட்டவ கன்னு மூக்குல வாய வச்சி ஊதுவாளா? எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு, தெரியாம நடந்துபோச்சின்னு மட்டும் எங்கயும் சொல்லிடாத."

அவள் எதற்காக அதைச் சொன்னாள் என்று சில நாள் கழித்துத்தான் புரிந்தது.

தேவராஜன் மாட்டைத் திரும்பக் கேட்டார். பேச்சுப்படி முதல் கன்று பிறந்துவிட்டது, அது அஞ்சலையுடையது, அது இறந்துபோனது அவள் துரதிர்ஷ்டம் என்பது அவர் கட்சி. இதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. கன்று தானாகச் செத்தால் வளர்த்தவருக்கு நஷ்டம். மாட்டுக்காரர் செய்த காரியத்தால் செத்தால் மாட்டுக்காரர் அடுத்த கன்றைக் கொடுக்க வேண்டும். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். கன்று தானாகச் செத்ததா, இல்லையா?

தேவராஜன் வீட்டுக்குப் போவதற்கு முன்பு என் மூத்த அதிகாரி ஒருவருக்குப் போன் செய்தேன். அன்பானவர், நான் அழுதால்கூடப் பொறுமையாகக் கேட்பவர். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? நீ மாட்டைக் காப்பாத்தப் போட்ட. கன்னு போனது பக்க விளைவு. அதைச் சொல்லிட்டு வந்துடு, வம்பு இல்ல" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சரியாகவும் இருந்தது. ஒரு பிழையும் இல்லாத வாக்கியம்.

தேவராஜன் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அவர் வீட்டில் டீ கொடுத்தார்கள். அஞ்சலை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் சொன்னேன். "நாங்க மாட்டைக் காப்பாத்தத்தான் ஊசி போட்டோம். கன்னு போனது மருந்தோட பக்க விளைவு."

"கேட்டியா அஞ்சலை?" தேவராஜன் முகம் தெளிந்துவிட்டது. "டாக்டரே சொல்லிட்டாங்க. யாரும் ஒண்ணும் பண்ணல. அது விதி."

அஞ்சலை சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பேபியின் கழுத்துக்குக் குனிந்து கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். மாட்டைக் கை மாற்றும்போது கயிற்றை அவிழ்த்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு மாட்டை மட்டும் விடுவது இங்கே வழக்கம். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். பேபி அவள் தோளை நக்கியது.

என் வாக்கியம் எங்கே போய் நின்றது என்று அப்போது தெரிந்தது. என் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்று காட்டத்தான் அதைச் சொன்னேன். அதை வைத்து அவளுடைய கன்று இரண்டாவது முறையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சுத்தமாக இருக்க ஆசைப்பட்டதற்கு அஞ்சலை விலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை, அந்த முடிச்சை விடு" என்றேன். "சார், நான் பாதிதான் சொன்னேன்."

"மீதி இன்னா மேடம்?"

"கன்னு சாகணும்னு நான் நினைக்கல. நீங்களும் நினைக்கல. அது நிஜம். ஆனா சாகும்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னேன். நீங்க கேட்டுட்டுத்தான் போடச் சொன்னீங்க. அவ பொறுக்கச் சொன்னா. நம்ம ரெண்டு பேரும் பொறுக்கல. அன்னிக்கு அதுதான் சரி. ஆனா பொழச்ச மாடு யாரோடது?"

"என்னுது."

"போன கன்னு?"

உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களோடதைக் காப்பாத்த அவளோடதை விட்டோம். தெரிஞ்சே விட்டோம். அது தானா போகல சார்."

"அப்ப என்ன கொலகாரன்றீங்களா?" அவர் குரல் உடைந்தது. கோபத்தைவிட வருத்தமே அதில் அதிகம்.

"அப்படி நினைச்சிருந்தா உங்க வீட்டு டீயைத் தொட்டிருப்பேனா?"

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து அவருக்கு ஆதரவு வந்தது. "யம்மா டாக்டரம்மா, மொதலாளிய ஒண்ணும் சொல்லாத" என்றாள் அஞ்சலை. "அவரு மாட்டு நாக்கப் பாத்துப் பதறுனவரு. என் கன்னு போவட்டும்னு நெனச்சிருந்தார்னா நான் இப்பிடியா நின்னுக்கினு இருப்பேன்? தெருவையே கூட்டி வச்சிருப்பேன், இவரு பஸ் ஏற முடியாது. எனக்கு அவரு மேல கோவமே இல்ல. என் கன்னு எனக்கு வேணும், அவ்ளோதான்."

இந்தப் பேச்சை நான் அதற்கப்புறம் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லாததால் கோபம் இல்லை. தெரிந்தே செய்ததால் ஈடு உண்டு. அவளுக்கு இவை இரண்டும் தனித்தனி விஷயங்கள். நான்தான் ஒன்றைச் சொல்லி இன்னொன்றிலிருந்து தப்பிக்கப் பார்த்தேன்.

தேவராஜன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். "தறியில இழை அறுந்துபோனா யாரு அறுத்தான்னு நான் பாக்கறதில்ல. முடிபோட்டுட்டு நெய்வேன்" என்று முணுமுணுத்தார். பிறகு அஞ்சலையிடம், "கயித்த அவுக்காத. ஓட்டிக்கினு போ. அடுத்த கன்னு உனுக்கு. ஆனா அந்தப் பனமரத்தாண்ட கட்டாத, சொல்லிட்டேன்."

"பனமரம் உன் கொல்லையில கீது மொதலாளி. கூட்ட நீதான் எடுக்கணும்" என்றாள் அஞ்சலை, வாய் திரும்ப வந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிக் கூட்டை அகற்றினார்.

அப்படியானால் வேண்டுமென்று செய்வதும் தெரிந்தே செய்வதும் ஒன்றுதான் என்கிறேனா? இல்லை. அவசரப்படாதீர்கள், நானும் முதலில் அங்கேதான் போய் விழுந்தேன். பிறகு வேறோர் ஊரில் ஒருவர் என் மருந்தகத்துக்கு வந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் வளர்க்க விட்டிருந்த பங்கு மாடும் எட்டு மாதச் சினை. மாட்டுக்கு எந்த நோயும் இல்லை.

"நீங்க பெருநகர்ல ஒரு ஊசி போட்டீங்களாமே மேடம்" என்றார். "அத நம்ம மாட்டுக்கும் போட்டுடுங்களேன். கன்னு உழுந்துட்டா மாடு என் வூட்டுக்கு வந்துடும். அது ஒடம்புக்கு முடியாததால உழுந்துச்சின்னு ஆயிடும்."

அதே மருந்து, அதே அளவு, அதே முடிவு. வெளியே போங்கள் என்று நான் கத்தியது எதிர்க்கடை வரை கேட்டதாம். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? இப்படிக் கேட்டுப் பார்த்தேன். ஊசி போட்ட பிறகும் ஏதோ அதிசயத்தால் கன்று பிழைத்துவிட்டால்? பேபியின் கன்று பிழைத்திருந்தால் நான் அஞ்சலையைக் கட்டிப்பிடித்து ஆடியிருப்பேன். இவருடைய கன்று பிழைத்தால் இவர் இன்னோர் ஊசி கேட்டிருப்பார். நான் துரும்பைத் தேடியிருப்பேன், அவர் என்னைத் தேடியிருப்பார். வித்தியாசம் உண்டு, பெரிய வித்தியாசம்.

ஆனால் நண்பர்களே, அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நாம் நல்லவர்கள் என்று தூங்கப் போய்விடக் கூடாது. துரும்பைத் தேடவே தேடாமல் "பக்க விளைவு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புகிற ஆளாக நான் எளிதில் ஆகியிருப்பேன். அன்று காலை அஞ்சலை போன் செய்யாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஆகியிருப்பேனோ என்னவோ.

பேபி இப்போது மறுபடி சினை. அஞ்சலையின் வாயும் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பழையசீவரத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பகுதியும் இப்போதைக்கு என் பொறுப்பு. அங்கேயும் ஒரு பங்கு மாடு, முற்றிய சினை. கர்ப்பப்பையில் நீர் கோத்து, வயிறு பானையாகி, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. கன்றை முன்கூட்டியே வெளியே கொண்டுவந்தால்தான் மாடு பிழைக்கும். அதே மருந்துதான். ஆனால் இந்தத் தடவை கன்றை வெளியே தள்ளுவதுதான் வைத்தியமே. மாட்டுக்கு மட்டும் போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. அப்படி வரும் கன்றுகள் பெரும்பாலும் தங்குவதில்லை. நான் அஞ்சலை பக்கத்தில் நிற்கிறேனா, மருந்தகத்துக்கு வந்த அந்த மனிதர் பக்கத்தில் நிற்கிறேனா? உண்மையாகவே தெரியவில்லை. அதன் சாவை நான் விரும்பவில்லை என்பது மட்டும் தெரிகிறது. அது போதுமா என்று நாளைக்குத் தெரியலாம்.

ஒன்றை முயன்று பார்க்கப் போகிறேன். மாட்டுக்காரரையும் வளர்ப்பவரையும் மருந்தை ஏற்றுவதற்கு முன்பே ஒன்றாக நிற்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாருடையது பிழைக்கும், யாருடையது போகும் என்று இரண்டு பேர் முகத்தையும் பார்த்து உரக்கச் சொல்வேன். போனால் அதை யார் ஈடு செய்வது என்று அவர்கள் பேசி முடித்த பிறகுதான் ஊசி. மாடு அதுவரை தாங்கும், விசாரித்துவிட்டேன்.

அஞ்சலைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "நானும் வரேன். நீ ஒயுங்கா முழுசா பேசறியான்னு பாக்கணும்" என்று போன் செய்தாள். பஸ்ஸில் வருகிறாளாம். பையில் ஊசி மருந்தை எடுத்து வைத்துவிட்டேன் என்றேன்.

"சாக்கும் வெந்நீர் பாட்டிலும் வச்சியா?"

"வச்சிட்டேன்."

"துரும்பு?"

"அங்கேயே கிடைக்கும் அஞ்சலை, மாட்டுக்கொட்டாய்தானே."

"தேடிக்கினு நிப்ப. நான் எடுத்தாறேன்" என்று வைத்துவிட்டாள்.